பதினாறு நாள் காற்று

மூன்று மணி ஆகிவிட்டது. நாகா அண்ணன் ஐந்து மணிக்கு வருவார். அதற்குள் இந்த ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட வேண்டும் என்று சாப்பிட்ட கையோடு இங்கே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து அரைமணி நேரமாகிறது, ஜாடியைச் சுற்றிய போர்வையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டு பாம் ஷெல்டர் இது. சிங்கப்பூரில் கொஞ்சம் புதிய அடுக்குமாடி வீடுகளில் இப்படி ஓர் அறை வைத்துக் கட்டியிருப்பார்கள், குண்டு விழுந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ள. ஜன்னல் கிடையாது, கனத்த சுவர், இரும்புக் கதவு. குண்டு எதுவும் விழாததால் எல்லோர் வீட்டிலும் இது சாமான் அறை. எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகள், தீபாவளிக்குத் தொங்கவிடும் விளக்குச் சரம், மகள் இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறந்த சைக்கிள், மூலையில் போன வருஷம் நான் காய்ச்சிய பீர், பதினெட்டு லிட்டர். சாதாரண பீர் என்றால் ஒரு மாதத்தில் குடித்துத் தீர்த்திருக்கலாம். இது கனத்த சரக்கு. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, இரண்டு மடங்கு போட்டுக் காய்ச்சி, முதல் ஜாடியில் மூன்று வாரம் பொங்கி அடங்கவிட்டு, அடியில் படிந்த மண்டியை அங்கேயே விட்டுத் தெளிவை மட்டும் இந்த இரண்டாவது ஜாடிக்கு மாற்றி, பிறகு ஒரு வருஷம் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால்தான் அதன் முரட்டுத்தனம் போகும் என்பார்கள். இன்றோடு ஒரு வருஷம். எனக்கு டாக்டர் கொடுத்த ஒரு வருஷமும் ஏறக்குறைய இன்றோடுதான் முடிகிறது. ஒரு வருஷத்துக்குள் வந்தால் வரும், அதற்குமேல் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்த அம்மாள் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் மூக்கைப் பற்றித்தான். ஒரு வருஷமாக எனக்கு எந்த வாசனையும் தெரியாது. இது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஜோதிக்குத் தெரியாது. கட்டின பெண்டாட்டி, ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், அவளுக்குத் தெரியாது.

மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததில்லை. பத்து நாள் காய்ச்சல் வந்தது, ஊருக்கே வந்த காய்ச்சல், வீட்டில் மூன்று பேருக்கும் வந்தது. மூன்று பேருக்கும் வாசனை போனது. ஜோதிக்கு எட்டாம் நாள் வந்துவிட்டது. மகளுக்கு அதற்கு முன்பே வந்து, சோப்பு, செருப்பு, என் அக்குள் என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். எனக்கு வரவில்லை. காலையில் ஒரு தடவை வந்துடுச்சா, சாயங்காலம் ஒரு தடவை வந்துடுச்சா, ஆபீஸில் வந்துடுச்சா, சிவகாசியிலிருந்து அப்பா போனில் வந்துடுச்சாப்பா. பஸ் வந்துவிட்டதா என்று கேட்பது போல. இருபதாம் நாளோ என்னவோ, ஜோதி காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள், நான் வந்துடுச்சு என்றேன். அவ்வளவுதான். எனக்கு அப்போது அலுப்பாக இருந்தது, நாளைக்கோ மறுநாளோ எப்படியும் வரப்போகிறது, இரண்டு நாள் முன்கூட்டிச் சொன்னால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு எப்படி இல்லை என்பது. ஒரு வாரம் கழித்து இல்லை என்று சொன்னால் பொய்யன், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் பைத்தியக்காரன், அதற்கப்புறம் சொல்வதற்கு என்ன பெயர் என்றே தெரியவில்லை. ஆகவே தேறிவிட்டேன். நடிப்பில் தேறிவிட்டேன் என்கிறேன். ரசம் வைத்தால் முதலில் அவள் புருவத்தைப் பார்ப்பேன். புருவம் கொஞ்சம் ஏறியிருந்தால் இன்றைக்கு ஏதோ புதிதாகப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். பெருங்காயம் தூக்கலா இருக்கே என்பேன். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும், மீதி மூன்று தடவை அவளே உங்களுக்கு மூக்கு நல்லா வேலை செய்யுதா பாருங்க, கடுகுதான் தூக்கல் என்று திருத்திவிடுவாள். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பேன். சட்டையை இரண்டாம் நாள் போடுவதில்லை. அடுப்பைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது, அதனால் ராத்திரி படுக்குமுன் மூன்று தடவை குமிழைத் திருகிப் பார்க்கிறேன், வயசாகுது உங்களுக்கு என்கிறாள். நாக்கு வேலை செய்கிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம். அவ்வளவுதான் உலகத்தில் இருக்கிறது. மாம்பழம் இனிப்பு. வெல்லம் இனிப்பு. மகளுடைய இருமல் மருந்தும் இனிப்பு. மூன்றும் எனக்கு ஒன்றுதான். வருத்தமா என்று கேட்டால் அதுவும் இல்லை. எல்லாமே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடக்கிறது. பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், சரியான இடத்தில்தான் சிரிக்கிறேன். பற்களைப் பிடுங்குமுன் ஊசி போடுவார்களே, அதற்கப்புறம் உதடு தன்னுடையதா பக்கத்து ஆளுடையதா என்று தெரியாது, அந்த மாதிரி ஒரு வருஷம்.

போர்வையை எடுத்துவிட்டேன். வெளிச்சம் படக்கூடாது என்று மகளின் பழைய போர்வையைச் சுற்றியிருந்தேன், மஞ்சள் வாத்துப் படம் போட்டது. உள்ளே கண்ணாடி, கண்ணாடிக்குள் கரும்பழுப்பு நிறம், டார்ச் அடித்தால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. நல்ல நிறம்தான். அடியில் இன்னும் ஒரு விரல்கடை மண்டி. வாயில் ரப்பர் தக்கை, தக்கையின் மேல் ஏர்லாக். விரல் நீளத்துக்கு வளைந்த பிளாஸ்டிக் குழாய், வளைவில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். உள்ளிருந்து வருகிற காற்று தண்ணீரைக் குமிழியிட்டுத் தாண்டி வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. பதினெட்டு லிட்டர் சரக்குக்கும் உலகத்துக்கும் நடுவில் இரண்டு ஸ்பூன் தண்ணீர்தான் காவல். முதல் ஜாடியிலிருந்து இதற்கு மாற்றிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. குழாய் போட்டு மேலேயிருந்து கீழே இறக்கினோம், நானும் நாகா அண்ணனும். சலசலவென்று விழக்கூடாது, காற்றுக் கலந்துவிடும், குழாய் நுனி அடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முக்கால் மணி நேரம் நான் குந்தி உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர்ப் பழக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு லா போடுவார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பிளாக்கில் ஒன்பதாவது மாடி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற இடத்தில்தான் பழக்கம். அவர் மூக்கு ஊர் அறிந்த மூக்கு. ஒரு மடக்கை மோந்தால் போதும், ஈஸ்ட்டுக்குச் சூடு அதிகமாகிவிட்டதா, ஜாடியைச் சரியாகக் கழுவவில்லையா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். யார் வீட்டிலாவது ஜாடி திறந்தால் மூக்கில் வேர்த்தது மாதிரி வந்து நிற்பார். அன்றைக்குக் குனிந்து ஜாடி வாயில் மூக்கை வைத்து, அருஞ்சுனை, இது வேற லெவல் லா, ஒரு வருஷம் தொடாதே, தொட்டா கையை ஒடைப்பேன் என்றார். நானும் மோந்தேன். மோந்தேன் என்பது தெரியும். கருகும் முன் இறக்கிய வெல்லப்பாகு, பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், அடியில் ஒரு பச்சைச் சாராய நெடி. நோட்டில் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அந்த வார்த்தைகள்தான் இருக்கின்றன. வெல்லப்பாகு என்றால் பிசுபிசுப்பு ஞாபகம் வருகிறது, நிறம் ஞாபகம் வருகிறது, அம்மா கரண்டியைத் தூக்கிக் கம்பிப்பதம் பார்ப்பது ஞாபகம் வருகிறது, வாசனை மட்டும் வருவதில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக முறைத்திருக்கிறேன். ஒன்றும் எழும்பாது. அதற்கு நான்காம் நாள் காய்ச்சல். என் மூக்கு கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது இந்த ஜாடியின் வாயில்தான். அதனால்தானோ என்னவோ, திரும்ப வருவதானால் இங்கேதான் வரும் என்று எனக்கு நானே ஒரு முடிவு கட்டிவிட்டேன். காபி தோற்று, பூண்டு தோற்று, மல்லிகை தோற்று, மண்ணெண்ணெய் தோற்ற இடத்தில் பழைய பீர் ஜெயிக்கும் என்று அறிவுள்ளவன் எவனும் சொல்லமாட்டான். ஆனால் ஜாடி மூடியிருக்கிறவரை நான் தோற்கவில்லை. மூடி வைத்தது நல்லதாகிக்கொண்டே இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றை வைத்துத்தான் ஆபீஸுக்குப் போய் வந்தேன்.

நல்லதாகிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. யோசிக்கக்கூடாது என்று நினைக்கிற இடத்துக்கே மனசு போய் நிற்கிறது, ஆறிய புண்ணின் பொருக்கை விரல் தேடிப் போவது மாதிரி. ஏர்லாக்கில் தண்ணீர் தானாக வற்றும். இந்த ஊர்ச் சூட்டில், இந்த அறையின் வெக்கையில், இரண்டு வாரம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊற்றவேண்டும், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், சிவகாசிக் காலண்டர், அப்பா பிரஸ்ஸில் அடித்தது. எட்டு மாதத்துக்கு முன், அப்படி வட்டம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் சித்தப்பா போன் செய்தார். அப்பாவுக்கு முடியலப்பா என்றார், பிறகு அப்பா போயிட்டாருப்பா என்றார். ராத்திரி விமானத்தில் மூன்று பேரும் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை வட்டம் வட்டமாகவே இருந்துவிட்டது. அப்பா அப்போதும் பிரஸ்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், மெஷின் இன்னும் மூன்று ஷிப்ட் ஓடுகிறது, காலண்டர் சீசன். அவரைச் சிறு வயதிலிருந்தே எனக்கு மூக்கால்தான் தெரியும். முகம் பார்த்துப் பேசிய ஆள் இல்லை. விடிவதற்குமுன் போய்விடுவார், நான் தூங்கியபின் வருவார், பக்கத்தில் வந்து படுத்தால் மை, மண்ணெண்ணெய், பேப்பர். கதவு திறக்கிற சத்தத்துக்கு முன்னாலேயே அது வந்துவிடும். லீவு நாளில் பின்பக்க குடோனுக்குக் கூட்டிப்போவார், அட்டைக்கட்டுகளைக் கையால் தட்டிக்கொண்டே நடப்பார், எதற்குத் தட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. சரி. போய் இறங்கினோம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பன்னீர், ஊதுபத்தி, சாமந்தி, நூறு பேர் வியர்வை. எதுவும் இல்லை எனக்கு. டிவியைச் சத்தம் குறைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் அவள் முதுகைத் தட்டினேன், என்னவோ அவளுக்குத்தான் அப்பா போய்விட்ட மாதிரி. எரித்துவிட்டு வந்தபின் அவர் அறைக்குப் போனேன். கொடியில் சட்டை கிடந்தது, துவைக்காத சட்டை, பையில் பால்பாயிண்ட் பேனா. எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். இழுத்தேன். இன்னும் இழுத்தேன். துணிதான். சொரசொரப்பான துணி. காது வரைக்கும் காற்று ஏறியது, அப்பா ஏறவில்லை. அங்கே நின்று அழுதிருக்க வேண்டும், நியாயமாக அங்கேதான் அழுதிருக்க வேண்டும், சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து பந்தல்காரரிடம் நாற்காலி எத்தனை என்று பேசினேன். நெஞ்சழுத்தக்காரன் என்று சித்தப்பா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. காது நன்றாக வேலை செய்கிறது. அம்மா மறுவாரம் அலமாரியைக் காலி செய்து எல்லாத் துணியையும் ஊற வைத்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை இருந்தோம். திரும்பி வந்து பெட்டியை வைக்க இந்தக் கதவைத் திறந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஏர்லாக் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது, வளைவில் வெள்ளையாக ஒரு கோடு. எத்தனை நாளாக அப்படி, எவ்வளவு காற்று உள்ளே போனது, தெரியாது. வேறு யாராவது என்றால் தக்கையை எடுத்து ஒரு தடவை மோந்திருப்பான், முடிந்தது விஷயம். நான் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. புளித்துவிட்டால் நாக்கே சொல்லிவிடும், அது பரவாயில்லை. புளிக்காமலும் கெடும். அப்போது நாக்குக்கு வித்தியாசம் ரொம்பத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும், நனைந்த அட்டை வாடை வரும் என்று போட்டிருக்கிறது. நாகா அண்ணன் அந்த வாடையைப் பிடித்தால் மூஞ்சியைச் சுளிப்பார், அட்டைப்பெட்டி லா, ஊத்திடு என்பார். நீயே மோந்து பார்க்கலையா என்பார். சரி, வேலையைப் பார். கையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். நீளக் கண்ணாடிக் குழாயையும் துடைத்தேன். தக்கையைத் திருகினேன், வரமாட்டேன் என்றது, இன்னும் கொஞ்சம் திருகினேன், ப்ளக் என்று வந்தது. சின்னச் சத்தம். என் இதயம் அடித்துக்கொள்கிறதா என்று பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது. குழாயை உள்ளே விட்டு மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டேன். கால் டம்ளர். சுழற்றினேன். டம்ளர் ஓரத்தில் எண்ணெய் மாதிரி வழிந்தது, நல்ல அறிகுறி, கனம் இருக்கிறது. மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். குட்டிக் குட்டியாக, நாய் மோப்பம் பிடிப்பது போல இழுத்தேன். டம்ளரை உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்தி இழுத்தேன். உள்ளே எங்கேயோ குறுகுறுவென்று இருந்தது, வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன், ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், அது சாராயம் மூக்குத் தோலில் ஏறிய எரிச்சல்தான். குடித்தேன். இனிப்பு. பின்னால் கசப்பு. புளிப்பு இல்லை. தொண்டையில் சூடு, நெஞ்சு வரைக்கும் சூடு. சூடான இனிப்புக் கஷாயம். ஒரு வருஷம். டம்ளரைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூட்டையில் யானைப் படம் போட்டிருக்கிறது, யானைக்கு மூக்கு எவ்வளவு நீளம் என்று தோன்றியது, சிரிப்புக்கூட வந்தது. இனி வராது. சொல்லிப் பார்த்தேன். இனி வராது. வெளியிலிருந்து குக்கர் சத்தம் கேட்டது, மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர நேரமாகவில்லை, நேற்று வாங்கிய விளக்குமாறு இன்னும் கவரோடு இருக்கிறது, இனி வராது, நாளைக்கு ஒன்பது மணிக்குக் கூட்டம். போன் அதிர்ந்தது. நாகா அண்ணன். "அருஞ்சுனை, பஸ்ல ஏறிட்டேன், முஸ்தபா கடையில வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு லா. நாலே முக்காலுக்கு நேரா ஒன் வீட்டுக்கே வந்துர்றேன். தொறக்காம வச்சிரு, என்ன?" சரிண்ணே என்றேன். திறந்த ஜாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு சரிண்ணே என்றேன். மணி நாலு பத்து.

"ஏங்க, ஒன்னரை மணி நேரமா உள்ள என்ன பண்றீங்க?" ஜோதி கதவோரம் நிற்கிறாள், கையில் ஈரம், நைட்டி மேல் துண்டு. இந்த அறைக்குள் அவள் அரிசி எடுக்கத்தான் வருவாள், என் ஜாடிகளை நான் கூட்டிவந்த வேறு பெண்களைப் பார்ப்பது மாதிரி பார்ப்பாள். தொறந்தாச்சா, எப்படி இருக்கு என்று ஒப்புக்குக் கேட்கிறாள். நல்லாயிருக்கு என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருக்கிறது, ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையில்தான் குடும்பம் ஓடுகிறது. பெருங்காயம் மாதிரி இதற்கும் ஏதாவது சொல்லிவிடலாம். அவளுடைய புருவத்தைப் பார்க்கிறேன். இந்தப் பரீட்சைக்குப் பார்த்து எழுதப் புருவத்தில் ஒன்றும் இல்லை. டம்ளரை நீட்டுகிறேன், என் கை அதுவாக நீட்டுகிறது. "இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்."

"நானா? எனக்கு என்ன தெரியும் இதப்பத்தி. அண்ணன் வருவார்ல."

"நீ பாரு. எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"வாசனை."

"சளியா?" என்று நெற்றியில் கை வைக்கிறாள். ஈரக் கை, குளிர்ச்சியாக இருக்கிறது. "இன்னிக்குக் காலையில இருந்தா?"

"போன வருஷம் காய்ச்சல்ல இருந்து."

அவள் கையை எடுக்கவில்லை. முதலில் புரியவில்லை, பிறகு புரிவது கையிலேயே தெரிகிறது, கை கனமாகிறது. "வந்துடுச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எங்கம்மாகிட்ட வேற..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கையை எடுத்துத் துண்டில் துடைக்கிறாள், துடைத்ததையே துடைக்கிறாள். "அப்ப தெனமும் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சாப்பிட்டது? பெருங்காயம் தூக்கல்னது? நான் லூசு மாதிரி நீங்க சொல்றதக் கேட்டுக் கேட்டு மசாலாவ மாத்திக்கிட்டு இருக்கேன். கேஸ் கசிஞ்சிருந்தா? பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு நான் நைட் ஷிப்ட்டு போயிருக்கேன். ஒரு வருஷமா? என்கிட்டச் சொல்றதுக்கு என்ன கொள்ளை?" மூக்கு மேல் கோபம் அவளுக்கு, எப்போதும். நான் என்ன சொல்வது, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டீர்கள், வந்துவிட்டது என்றேன் என்றா. இந்த ஜாடியைத் திறந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன் ஜோதி என்றேன். சொன்னபின்தான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று என் காதுக்கே தெரிந்தது. அவள் ஜாடியைப் பார்த்தாள், கழற்றி வைத்திருந்த தக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வரலயா?" என்றாள், சத்தமே இல்லாமல். இல்லை என்று தலையாட்டினேன். சைக்கிள் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். "என்ன பாக்கணும், சொல்லுங்க."

என்ன தோன்றுகிறதோ அதைச் சொல் என்றேன். அவள் பூ வாங்குமுன் மோந்து பார்ப்பதுபோல் டம்ளரை எட்டவே பிடித்து மோந்தாள். சாராயம் என்றாள். அது சரி, அதற்கப்புறம் என்றேன். இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள், ஒரு வருஷமாக அவள் மூஞ்சியைப் பார்த்தே சாப்பிட்டவன் நான், இப்படி அவள் மூஞ்சியைப் பார்த்ததில்லை. "வெல்லம். வெல்லம் காச்சுன வாசனை. உலர்ந்த பழம் மாதிரி... பேரீச்சம்பழமா?" நோட்டில் இருக்கிறது. நோட்டில் எழுதியிருப்பதை இவள் சொல்கிறாள். ஆரஞ்சுத் தோல் இருக்கா என்றேன். அதெல்லாம் தெரியல என்றாள். "இருங்க. அடியில ஒண்ணு இருக்கு." மறுபடி மோந்தாள். புருவம் ஏறியது. "இது எனக்குத் தெரிஞ்ச வாசனைங்க. நல்லாத் தெரிஞ்சது. எங்க..." டம்ளரைச் சுழற்றினாள், நான் சுழற்றுவதைப் பார்த்து வைத்திருக்கிறாள் போல. "சொன்னாச் சிரிக்காதீங்க. மாமா குடோனு."

என்ன என்றேன்.

"சிவகாசில நம்ம பிரஸ்ஸுக்குப் பின்னாடி. மழை பெஞ்சு மறுநாள் கதவைத் தொறந்தா வருமே. ஓட்டுல ஒழுகி அட்டைக்கட்டெல்லாம் ஈரமாயிருக்கும்ல, மாமா ஒவ்வொரு கட்டா தட்டிப் பாத்துக்கிட்டே போவாங்க, எது நனைஞ்சிருக்குன்னு. கல்யாணமான புதுசுல காலண்டர் காட்டுறேன்னு என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. அப்படியே அந்த வாசனை. மாமா சட்டையிலயும் லேசா அடிக்கும். அப்படியே இருக்குங்க."

நனைந்த அட்டை. அப்படியானால் கெட்டுவிட்டது. புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதேதான், ஒரு சந்தேகமும் இல்லை. வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறாம் நாள் வரைக்கும், நான் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டும் நாற்காலி எண்ணிக்கொண்டும் நின்ற நாட்களில், காய்ந்த குழாய் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. பதினெட்டு லிட்டரும் போச்சு. அதற்குத்தான் தட்டினாரா. எது நனைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் தட்டிக்கொண்டே போனாரா. நாற்பது வயதில் இதை இவள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ஏதோ சூடாகக் கழுத்தில் இறங்கியது, பீரைக் கொட்டிக்கொண்டோம் என்று நினைத்துத் துடைத்தேன், டம்ளர் அவள் கையில் இருந்தது. நான் அழுகிறேன். அப்பா போய் எட்டு மாதம் கழித்து, மத்தியானம் நாலரை மணிக்கு, அரிசி மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுகிறேன். ஜோதி பதறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். "கெட்டுப்போச்சா அது? அதுக்கா?" என்றாள். கெட்டுத்தான் போச்சு என்றேன், வார்த்தை சரியாக வரவில்லை. லிப்ட் கதவு திறக்கிற சத்தம் வெளியே கேட்டது, பிறகு காலிங் பெல். நாகா அண்ணன். வந்து மோந்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பார், அட்டைப்பெட்டி லா, ஊத்திடு என்பார். ஊற்றப்போவதில்லை. ஜோதி எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அவர் நிக்கட்டும்" என்றேன். "இன்னொரு தடவை மோந்து பாத்துச் சொல்லு."